வயலில் நிற்பது எந்தக் கோரை?

கேள்வி: நடவு செய்து 25 நாள் ஆன நெல் வயலில் கோரை மண்டிவிட்டது. ஒருமுறை களைக்கொல்லி அடித்தேன். ஒரு பக்கம் நன்றாகக் கருகியது. இன்னொரு பக்கம் 10 நாளில் மறுபடி தழைத்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் ஒரே கோரையாகத்தான் தெரிகிறது. மருந்தில் கோளாறா, வேறு வேறு கோரையா?

பதில்: வேறு வேறு கோரையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த மருந்தை வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மறுபடி தழைத்த இடத்தில் ஒரு தூரை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். கையால் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் செடி அறுந்து மேலே வந்துவிடும், நாம் பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

அலசியதும் தூருக்கு அடியில் மெல்லிய, விறைப்பான தண்டு ஓடி, அதில் கறுத்த சிறு கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறதா? கிழங்கை நகத்தால் கீறினால் வாசனை வருகிறதா? அப்படியானால் அது சைப்ரஸ் ரொட்டண்டஸ், சாதாரணமாகக் கோரை என்றே சொல்வது. பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் இடத்தில் இது அவ்வளவாகத் தழைக்காது. அதனால் அந்தப் பக்கம் மேடா, வரப்போரமா என்றும் பாருங்கள். பல வயல்களில் கோரைப் பிரச்சினை என்பது சரியாகச் சமன்படுத்தாத பிரச்சினைதான்.

கிழங்கே இல்லாமல் நார்வேர் மட்டும் கொத்தாக வந்தால், விதையில் முளைத்த ஒருபருவக் கோரை. இதில் மூன்று வகை அடிக்கடி குழப்பும். பெயர் ஊருக்கு ஊர் மாறுவதால் தாவரப் பெயரையும் சொல்கிறேன்.

வட்டக்கோரை (சைப்ரஸ் டிஃபார்மிஸ்) பூத்தால் தப்பவே தப்பாது. சிறு கதிர்கள் நெருக்கமாகச் சேர்ந்து உருண்டை உருண்டையாக நிற்கும். தண்டு முக்கோணம், ஆனால் விரலால் அழுத்தினால் அமுங்கும். ஊசிக்கோரையில் (சைப்ரஸ் இரியா) உருண்டை இருக்காது. மஞ்சள் கலந்த பழுப்பில் கதிர்கள் இடைவெளி விட்டு விரிந்து நிற்கும்.

மூன்றாவது பிம்பிரிஸ்டைலிஸ். பூக்கும் முன்பே இதைப் பிடித்துவிடலாம். மற்றவற்றில் இலைகள் மூன்று திசையில் பிரியும். இதிலோ தூரின் அடி தட்டையாக, மடித்த விசிறிபோல இரண்டே பக்கம் விரிந்திருக்கும். பூக்கும்போது ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சின்ன மணி.

இலையே இல்லாமல் பச்சைத் தண்டு மட்டும் நிமிர்ந்து, பூ நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் தெரிந்தால் அது ஸ்கீனோபிளெக்டஸ் இனம். குழம்ப வேண்டாம், தண்டின் நீட்சிபோல மேலே நிற்பது உண்மையில் பூவின் அடியிலை.

சரி, பிரித்துப் பார்த்து என்ன பயன்? ஒருபருவக் கோரைகளுக்கு விதைதான் உயிர். வட்டக்கோரை முளைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூத்துவிடும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஆகவே பூக்கும் முன் களையெடுத்துவிட வேண்டும். இந்த வட்டக்கோரை சில களைக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றிருப்பது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. ஒரே வகை மருந்தைப் பருவந்தோறும் அடிக்காதீர்கள். ஊசிக்கோரையும் பிம்பிரிஸ்டைலிஸும் ஆரம்பத்திலிருந்தே தண்ணீர் கட்டினால் முளைப்பது வெகுவாகக் குறையும்.

கிழங்குக் கோரைக்கு இந்தக் கணக்கு எடுபடாது. இலையை மட்டும் கருக்கும் மருந்து கிழங்கைத் தொடாது. சங்கிலியாக இருக்கும் கிழங்குகளில் நுனியில் இருப்பது முளைத்தால் மற்றவை தூங்கும். கொத்தியோ ரோட்டவேட்டர் ஓட்டியோ சங்கிலியை அறுத்துவிட்டால் தூங்கியவையும் விழித்துக்கொள்ளும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கோரை பெருகுவது இதனால்தான். அறுவடைக்குப் பின் வெயில் காலத்தில் உழுது கிழங்குகளை மேலே புரட்டி, காய்ந்து சுருங்க விடுங்கள். இடைவெளி விட்டு மறுபடி உழுங்கள். கிழங்கு ஈரம் இழந்தால்தான் சாகும்.

இந்தப் பருவத்துக்கு, அந்த மேட்டுப் பகுதியில் மட்டும் கிழங்கோடு தோண்டி எடுத்து வயலுக்கு வெளியே போடுங்கள். வரப்பில் போட்டால் அடுத்த மழைக்கு அங்கிருந்தே திரும்பி வரும். மருந்துதான் அடிக்க வேண்டும் என்றால், கிழங்குவரை இறங்கும் வகையா, நெல்லுக்கு அனுமதி உள்ளதா என்று லேபிளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.