அரக்கில் பதிந்த அடையாளம்: பழைய முத்திரை மோதிரங்கள் பற்றிய கேள்வி-பதில்

பழைய நகைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முத்திரை மோதிரங்கள் தொடர்பானவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முத்திரை மோதிரத்தைப் பிற மோதிரங்களிலிருந்து வேறுபடுத்துவது எது? கணையாழி என்பதும் இதுவும் ஒன்றா?

முத்திரை மோதிரம் முதலில் ஒரு கருவி. அதன் பிறகுதான் நகை. அதன் முகப்பில் இருக்கும் எழுத்தோ உருவமோ புடைப்பாக இல்லாமல் உட்குழிவாகவும், இடவலம் மாறியும் செதுக்கப்பட்டிருக்கும். இளகிய அரக்கிலோ ஈரக் களிமண்ணிலோ அழுத்தி எடுத்தால் அது புடைப்பாகவும் நேராகவும் பதியும். எந்தப் பழைய முத்திரை மோதிரம் கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கணையாழி என்ற சொல்லை இன்று மோதிரம் என்ற பொதுப்பொருளில் வழங்குகிறோம். ஆயினும் அசோகவனத்தில் அனுமன் சீதையிடம் காட்டியது இராமனின் பெயர் பொறித்த மோதிரம் என்றே வான்மீகி சொல்கிறார். முன்பின் அறியாத ஒருவர் வந்து நிற்கும்போது, அவரை அனுப்பியவர் யார் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சியாகிறது. முத்திரை மோதிரம் செய்யும் வேலையும் அதுவே.

கேள்வி: இந்த வழக்கம் எவ்வளவு பழமையானது? ஐரோப்பியரிடமிருந்து நமக்கு வந்ததா?

முத்திரையிடும் வழக்கம் மோதிரத்தைவிட மூத்தது. மெசபடோமியாவில் கிறிஸ்து பிறப்பதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே உருளை வடிவக் கல் முத்திரைகளைக் களிமண்ணின்மீது உருட்டிப் பதித்தார்கள். எகிப்தில் வண்டு வடிவில் செய்த கல்லின் அடிப்பகுதியில் பெயரைச் செதுக்கி, நீளவாக்கில் துளையிட்டுக் கம்பி கோத்து விரலில் அணிந்தார்கள். கல்லைத் திருப்பினால் வண்டு கீழே போய் எழுத்து மேலே வரும். முகப்பும் வளையமும் ஒரே உலோகத்தில் அமைந்த மோதிரங்கள் பிற்பாடு பரவின. பார்வோன் தன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி யோசேப்புக்கு அணிவித்தான் என்ற விவிலியச் செய்தியை அன்பளிப்பாக மட்டும் படித்துவிடக் கூடாது. அரசன் பெயரால் ஆணையிடும் உரிமையே அங்கு கைமாறுகிறது. மரணப் படுக்கையில் அலெக்சாண்டர் தன் மோதிரத்தைத் தளபதி பெர்டிக்காஸிடம் கொடுத்ததற்கும் அப்படித்தான் பொருள் கொண்டார்கள்.

உரோமப் பேரரசர் அகஸ்டஸ் முதலில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்ஸ் உருவத்தையும், பிறகு அலெக்சாண்டரின் தலையையும், கடைசியாக டியோஸ்கூரிடிஸ் என்ற கைவினைஞர் செதுக்கிய தம் சொந்த உருவத்தையும் முத்திரையாக வைத்திருந்தார். உரோமக் கடல் வணிகத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்விலும் ஸ்பிங்ஸ் உருவம் செதுக்கிய சிறு முத்திரைக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அது யார் விரலில் வந்தது என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஐரோப்பியரிடமிருந்து வந்ததா என்ற கேள்விக்குக் கரூர் பதில் சொல்கிறது. அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த பழைய மோதிரங்களில் தமிழ்பிராமி எழுத்தில் ஆட்பெயர் பொறித்தவை உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் உருவம் கொண்ட தங்க மோதிரம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அருகில் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் எடுக்கப்பட்ட சிறு முத்திரையையும் ஒரு மோதிரத்தின் முகப்பாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனவே ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்கள் தங்கள் பெயரை விரலில் அணிந்திருந்தார்கள். பிற்காலத்தில் வந்தது மோதிரத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம் மட்டுமே.

கேள்வி: கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காகத்தான் முத்திரை மோதிரம் வந்ததா?

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது உதவியது உண்மைதான். ஆனால் நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் முத்திரையைப் பயன்படுத்தினார்கள். கடிதம் வழியில் பிரிக்கப்படவில்லை என்பதற்கு உடையாத அரக்கே உறுதி. 1616ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் உயிலில், கையெழுத்தும் முத்திரையும் இடுவதாக எழுதிய இடத்தில் முத்திரை என்ற சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. 1810இல் அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் தேவாலயத்துக்கு அருகே இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்த தங்க முத்திரை மோதிரம் ஒன்று கிடைத்தது. அந்த எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே. மோதிரம் தொலைந்துபோனதால்தான் உயிலில் அச்சொல்லை நீக்கினார்கள் என்று சிலர் சொல்வது கவர்ச்சியான ஊகம். ஆனால் அதே முதலெழுத்துகள் கொண்டவர்கள் அந்த ஊரில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அரக்கு முத்திரை எப்போது, ஏன் வழக்கொழிந்தது?

இடைக்கால ஐரோப்பாவில் தேன்மெழுகையும் ஒருவகை மரப்பிசினையும் கலந்தே முத்திரை மெழுகு செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டு முதல், கிழக்கிலிருந்து போன அரக்கு அதில் சேர்ந்தது. நம் காடுகளின் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பதே இந்த அரக்கு. தேன்மெழுகைவிடக் கெட்டியாகவும் நொறுங்கும் தன்மையோடும் இறுகுவதால், கடிதத்தை யாராவது திறக்க முயன்றால் அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்குச் சிவப்பு நிறம் தந்தது சாதிலிங்கம் என்ற செந்நிறத் தாது.

வழக்கொழிந்ததற்குக் காரணம் அஞ்சல் கட்டணம். பிரிட்டனில் 1840க்கு முன்பு கடிதத்தில் எத்தனை தாள்கள் உள்ளன என்பதைப் பார்த்தும் கட்டணம் வாங்கினார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கிடப்படும். ஆகவே எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, மோதிரத்தால் முத்திரையிட்டு அனுப்புவதே சிக்கனமான வழியாக இருந்தது. 1840இல் எடையை அடிப்படையாகக் கொண்ட ஒரு பென்னி அஞ்சல் வந்தவுடன் உறைக்குத் தனிச்செலவு இல்லாமல் போயிற்று. பசை தடவிய உறைகள் பெருகின. மோதிரத்துக்கு அதன் பிறகு வேலை குறைந்தது. ஆனால் மோதிரம் மறையவில்லை; விக்டோரியா அரசியின் காலத்தில்தான் அது மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்யப்பட்டது. இன்று சந்தையில் கிடைக்கும் பழைய முத்திரை மோதிரங்களில் பெரும்பாலானவை, முத்திரையிடத் தேவையில்லாமல் போன பிறகு பிறந்தவை என்பதை வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பினாங்கிலிருந்து தாத்தா கொண்டுவந்த மோதிரத்தின் உட்புறம் 15 என்றும் .625 என்றும் இருக்கிறது. தரம் குறைந்த தங்கம் என்று நகைக்கடையில் உருக்கச் சொல்கிறார்கள். உருக்கலாமா?

தயவுசெய்து உருக்காதீர்கள். அந்த இரண்டு எண்கள்தாம் அந்த மோதிரத்தின் பிறப்புச் சான்று. ஆயிரத்துக்கு 625 பங்கு தங்கம் கொண்ட 15 காரட் என்ற தரத்தை பிரிட்டன் 1854இல் அனுமதித்தது. 1932இல் அதையும் 12 காரட்டையும் நீக்கிவிட்டு 14 காரட்டைக் கொண்டுவந்தது. ஆகையால் அந்தத் தரமுத்திரைகள் உண்மையானவையாக இருந்தால், உங்கள் மோதிரம் அந்த 78 ஆண்டுகளுக்குள் அங்கே தரம் பார்க்கப்பட்டது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் உட்புறத்தைப் பாருங்கள். தங்கத்தின் தரத்தைச் சோதித்து முத்திரையிட்ட அலுவலகம் எந்த ஊரில் இருந்தது என்பதை ஒரு சிறு சின்னம் சொல்லும். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், கோட்டை இருந்தால் எடின்பரோ, மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும் வாளும் இருந்தால் 1962இல் மூடப்பட்ட செஸ்டர் சோதனை அலுவலகம். அருகில் தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். அந்த எழுத்துவரிசை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனி என்பதால் ஊரைக் கண்டுபிடித்த பிறகே ஆண்டைத் தேட வேண்டும். நம் கடைக்காரர்களுக்கு 22 காரட்டே தங்கம். அவர்கள் அப்படிப் பழகியவர்கள். ஆனால் தினமும் விரலில் கிடந்து தேயும் முத்திரை மோதிரத்துக்குச் சற்றுக் கடினமான தங்கமே பொருத்தம், குறைந்த காரட் என்பது இங்கே குறை அல்ல. எடைக்கு விற்றால் தங்கத்தின் விலை மட்டுமே கிடைக்கும். தாத்தாவின் பயணம் உருக்குமூசையில் போய்விடும்.

கேள்வி: நான் வாங்கிய ஆங்கில மோதிரத்தில் வேறொரு குடும்பத்தின் சின்னம் இருக்கிறது. அதை நான் அணிவது தவறா?

பழம்பொருளாக அணிவதில் தவறில்லை. அது உங்கள் குடும்பச் சின்னம் என்று சொல்லிக்கொள்வதுதான் தவறு. ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் ஒரே சின்னம் உரியது என்ற நம்பிக்கையும் சரியல்ல. இங்கிலாந்தில் மரபுச்சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு அவருடைய வழித்தோன்றல்களுக்குச் சேர்வது. அதை வழங்கும் லண்டன் மரபுச்சின்னக் கல்லூரி 1484இல் தொடங்கியது.

சின்னத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதில்தான் உண்மையான இன்பம் இருக்கிறது. ஆங்கில மோதிரங்களில் பெரும்பாலும் கேடயத்துக்கு மேலே தலைக்கவசத்தில் நிற்கும் உருவம் மட்டும் இருக்கும். ஐரோப்பியப் பெருநிலத்து மோதிரங்களில் முழுக் கேடயமும் இருப்பது வழக்கம். கேடயத்தின் நிறங்களைத் தங்கத்திலும் கல்லிலும் காட்ட முடியாது என்பதால் 17ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டு மொழி உருவாயிற்று: நெடுக்குக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கோடுகள் கறுப்பு. விரல் நகம் அளவுள்ள இடத்தில் அந்தக் கோடுகளைத் தவறாமல் இழைத்த கைகளை நினைத்தால், அந்த மோதிரத்தை வெறும் தங்கமாகப் பார்க்க மனம் வராது.

கேள்வி: எந்த விரலில் அணிய வேண்டும்?

கட்டாய விதி எதுவும் இல்லை. ஆங்கில வழக்கில் இடக்கைச் சுண்டுவிரல். மன்னர் சார்லஸ் அணிவதும் அதில்தான். உங்கள் விரலுக்கு ஏற்றபடி வளையத்தைப் பெரிதாக வெட்டி நீட்டுவதைவிட, மோதிரம் பொருந்தும் விரலைத் தேடிக்கொள்வது நல்லது. வளையத்தை வெட்டும் இடம் பெரும்பாலும் தரமுத்திரைகள் இருக்கும் இடமாகவே அமைந்துவிடுகிறது.

கேள்வி: திருத்தந்தையின் மோதிரத்தை அவர் மறைந்த பிறகு உடைப்பார்கள் என்கிறார்களே, ஏன்?

மீனவர் மோதிரம் எனப்படும் அதைப் பற்றிய பழைய குறிப்பு, திருத்தந்தை நான்காம் கிளமெண்ட் 1265இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இறந்தவரின் முத்திரையை வைத்து, அவர் உயிரோடு இருந்தபோது எழுதியதைப் போன்ற ஆவணங்களை எவரும் உருவாக்கிவிடக் கூடாது என்பதே உடைப்பதன் காரணம். 1842இல் மோதிரத்தால் மெழுகில் பதிப்பது நின்று, மை முத்திரை வந்துவிட்டது. ஆனாலும் சடங்கு தொடர்கிறது. 2013இல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது அவருடைய மோதிரத்தை உடைக்காமல், அதன் முகப்பில் குறுக்குக் கோடுகள் வெட்டிப் பயனற்றதாக்கினார்கள்.

கேள்வி: முகப்பில் எழுத்து தேய்ந்துவிட்டது. மெருகு போட்டு மறுபடி செதுக்கச் சொல்லலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மெருகு என்பது மேற்பரப்பிலிருந்து ஒரு படலத்தை அகற்றுவது. ஆழமில்லாத பொறிப்பு இரண்டு முறை மெருகிலேயே காணாமல் போகலாம். தேய்மானம் குறையல்ல, சான்று. கைவிரல் உரசும் ஓரங்களும் வளையத்தின் அடியும் அதிகமாகவும், குழிவின் ஆழம் குறைவாகவும் தேய்ந்திருந்தால் அந்த மோதிரம் நேர்மையாக வாழ்ந்திருக்கிறது. வளையம் நூலாக மெலிந்திருக்க, பொறிப்பு மட்டும் நேற்று வெட்டியதுபோலக் கூர்மையாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள்; வெறுமையான பழைய மோதிரத்தில் புதிதாகச் சின்னம் வெட்டி விலையை உயர்த்துவது அடிக்கடி நடக்கிறது. குழிவின் அடிப்பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். உளி வெட்டிய தடம் பளிச்சென்று சரிந்த முகங்களாகத் தெரியும். அச்சில் வார்த்த பிரதியில் அது மழுங்கியும் சிறு துளைகளோடும் இருக்கும்.

கல் பதித்தவற்றுக்கு நிலைமை வேறு. சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லைப் பழங்காலம் முதலே முத்திரைக்கு விரும்பினார்கள், ஏனெனில் அதில் நுண்ணிய கோடும் நிற்கும், மெழுகும் ஒட்டாமல் பிரியும். தங்கத்தைவிட அது பலமடங்கு கடினம் என்பதால் வளையம் தேய்ந்து மாற்றப்பட்ட பிறகும் கல் புதிதுபோலவே இருக்கக்கூடும். மென்மையான துணியும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

கேள்வி: எழுத்துகள் நேராகவே படிக்கும்படி இருந்தால் அது போலியா?

இல்லை. அது முத்திரையிடுவதற்காக அல்லாமல் அணிந்து காட்டுவதற்காகச் செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். கடல்கடந்து வணிகம் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்களில் விலாசம் என்று வழங்கும் முதலெழுத்துகள் நேராகவே பொறித்த மோதிரங்களைப் பார்த்திருக்கிறேன். கடைப் பலகையில் இருக்கும் எழுத்து விரலிலும் இருந்தது. அவர்களுக்கு அதுவே போதுமான அடையாளம்.

கேள்வி: பாட்டனாரின் மோதிரத்தைப் பாதுகாக்க நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

இன்றே ஓர் அச்சு எடுத்து வையுங்கள். சிறுவர்கள் விளையாடும் மாக்களிமண்ணை மட்டமாக்கி, முகப்பில் லேசாக நீர் தடவி, நேராக அழுத்தி நேராகவே தூக்குங்கள். அந்தப் பதிவைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, உட்புற முத்திரைகளின் படத்தோடும் மோதிரம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற குறிப்போடும் சேர்த்து வையுங்கள்.

பிராங்கு இனத்து அரசன் முதலாம் சில்டெரிக்கின் கல்லறை 1653இல் டூர்னே நகரில் திறக்கப்பட்டபோது, அவன் உருவமும் பெயரும் பொறித்த தங்க முத்திரை மோதிரம் அகப்பட்டது. அது யாருடைய கல்லறை என்று தெரிந்ததே அந்த மோதிரத்தால்தான். 1831இல் பாரிஸ் அரச நூலகத்திலிருந்து புதையலோடு அது திருடப்பட்டுத் திரும்பவே இல்லை. நீண்ட கூந்தலும் கையில் ஈட்டியுமாக அந்த அரசன் எப்படி இருந்தான் என்பதை இன்று நாம் அறிவது, திருட்டுக்கு முன்பு யாரோ எடுத்து வைத்த அச்சுகளிலிருந்து.