எலுமிச்சை மரத்தில் மஞ்சள் எறும்பு: எவ்வளவு அபாயம்?

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய உங்கள் வீட்டு எலுமிச்சை மரத்திலும் கோழிக்கொட்டகையிலும் நீண்ட கால்களுடைய மஞ்சள் எறும்புகள் தாறுமாறாக ஓடுவதாகவும், அவை நெருப்பெறும்புகளா என்றும் கேட்டிருந்தீர்கள். நெருப்பெறும்புக்குக் கால் குட்டை, கொடுக்கும் உண்டு. நீங்கள் சொல்வது மஞ்சள் பைத்திய எறும்பாகவே இருக்க வேண்டும். இது கொட்டாது, ஆனால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் பார்வையே கெடக்கூடும் என்பதால் குஞ்சுகளை இன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எறும்பு இருப்பதைவிட அதன் அடர்த்திதான் முக்கியம். மரத்தடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, 30 விநாடிகளில் எத்தனை எறும்புகள் கடக்கின்றன என்று எண்ணி, வாரந்தோறும் அதே நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருந்தால், அவை சுரக்கும் இனிப்பு நீரே இவ்வெறும்புகளின் முக்கிய உணவு. கோடிக்கணக்கான செந்நண்டுகளை இவ்வெறும்புகள் கொன்ற, இந்தியப் பெருங்கடலிலுள்ள ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில், 2016-இல், செதில்பூச்சியை அழிக்க நம் மலேசியாவிலிருந்துதான் ஒரு நுண்குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆகவே முதலில் அப்பூச்சிகளைச் சோப்பு நீரால் கழுவி அகற்றுங்கள். மருந்து தெளிப்பது வெளியே திரியும் எறும்பை மட்டுமே கொல்லும்; கூட்டுக்குள் பல ராணிகள் இருப்பதால், மெதுவாகக் கொல்லும் இரைமருந்தே (எறும்பு கூட்டுக்கு எடுத்துச் செல்லும், உணவில் கலந்த மருந்து) பலன் தரும், அதையும் கோழி கொத்தாதபடி மூடிய டப்பாவில் வையுங்கள்.