முதல் முறையாகக் காற்றடைக்கும் பேடில்போர்டு (தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போடும் பலகை) வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

விலைக்கு முன் தடிமனைப் பாருங்கள். 6 அங்குலம் இருக்கட்டும். 4 அங்குலப் பலகை, கொஞ்சம் கனமான ஆள் ஏறினாலே நடுவில் தொய்ந்துவிடும். பழகுபவருக்கு 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம் சரியாக இருக்கும். ஒடுக்கமான பலகை வேகமாகப் போகும்தான், ஆனால் நின்று பழகவே விடாது.

அப்புறம் பம்ப். அழுத்தம் காட்டும் மீட்டர் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான பலகைகளுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) தேவை. பாதியிலேயே கைக்குக் கெட்டியாகத் தெரியும். அதை நம்பி நிறுத்தாதீர்கள். கடைசி நாலைந்து பிஎஸ்ஐதான் உயிரை வாங்கும், ஆனால் பலகை விறைப்பாவதும் அதில்தான். அடித்த பலகையை வெயிலில் போடாதீர்கள், அழுத்தம் ஏறும்.

லைஃப் ஜாக்கெட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். உங்களைப் பலகையோடு இணைக்கும் கயிறும் வேண்டும். ஏரி, கடலுக்குக் காலில் கட்டும் கயிறு போதும். ஓடும் ஆற்றில் அது எதிலாவது சிக்கினால் ஆபத்து. அங்கே கயிற்றை, இழுத்தவுடன் கழன்றுவிடும் இடுப்புப் பட்டையில்தான் மாட்ட வேண்டும்.