மூணு வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டலாமா?

வணக்கம் ஐயா. மகளுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் பேசியிருப்பதாகவும், 3 லட்சத்தைத் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்குப் புரட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு யாரிடமும் கை நீட்டாதீர்கள்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. 3 லட்சத்துக்கு மாதம் 9,000, வருஷத்துக்கு 1,08,000. நான்கு வருஷத்தில் வட்டியாகவே 4,32,000 போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். அவள் வாங்கப்போகும் முதல் சம்பளத்துக்கு இப்போதே ஒருவர் உரிமைக்காரர் ஆகிவிடுகிறார். உழைத்துக்கொண்டே இருக்கிற குடும்பங்கள்கூட மேலே வர முடியாமல் போவதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். ‘மாசம் எவ்வளவு?’ என்று கேட்கிறோம், ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்பதில்லை. பேங்க் என்றால் ஃபார்ம், அலைச்சல், மேனேஜர் கேட்கும் கேள்வி. அந்தத் தயக்கத்தில், கேள்வி கேட்காமல் நீட்டுகிறவரிடம் போய்விடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அரசுக் கலந்தாய்வில் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அது கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். ‘இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது’ என்று மேனேஜ்மென்ட் சீட் பேசுகிறவர்கள் போனில் அவசரப்படுத்துவார்கள். அதற்கு மசிய வேண்டாம்.

அப்புறமும் பணம் தேவைப்பட்டால் கல்விக் கடன். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். முடிந்த மாதங்களில் அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்தாலும் 3 லட்சத்துக்கு வருஷம் 30,000தான். கிளையில் முடியாது என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சொந்தக்காரர் மகள் அந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்பதும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் உங்கள் மகள் கேட்கும் பாடப்பிரிவில் போன வருஷம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்று விசாரித்தீர்களா? அங்கே படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் நேரில் கேளுங்கள்.

கல்விக் கடன் வாங்கினால் அந்தப் பத்திரத்தில் மகளும் கையெழுத்துப் போடப்போகிறாள். அதனால் இன்று இரவே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூணு வட்டி, பேங்க் வட்டி என்ற இந்த இரண்டு கணக்கையும் அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.