சாஃப்ட்வேர் இருக்கட்டும், முதலில் டேப்பை எடுங்கள்

கேள்வி: யாங்கோனில் கட்டடக்கலைப் படிப்பில் இந்த வருடம்தான் சேர்ந்தேன். கூடப் படிப்பவர்கள் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். எனக்கோ வெள்ளைத்தாளைப் பார்த்தாலே கை ஓடவில்லை. டிசைனை எங்கிருந்து தொடங்குவது? நகரின் நடுவில், 12½ அடிக்கு 50 அடி வீட்டில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம்.

பதில்: தம்பி, கேள்வியின் கடைசி வரியிலேயே உங்களுக்கான முதல் பாடம் இருக்கிறது. அந்த வீட்டை அளந்து வரையுங்கள்.

கால் அங்குலம் ஒரு அடி என்று ஸ்கேல் வைத்துக்கொண்டால் 50 அடி நீளம் தாளில் 12½ அங்குலம் வரும். ஏ4 தாளில் அடங்காது, ஏ3 வாங்குங்கள். சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். கட்டில், பீரோ, அடுப்பு மேடை, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாம் வரவேண்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அம்மா ஒருக்களித்துத்தானே போகிறார்? அந்த இடைவெளி எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். நான் முதலாண்டில் வரைந்த குளியலறையில் கதவு உள்பக்கம் திறந்து கழிவறைக் கோப்பையில் இடித்து நின்றது. பிளானில் பார்க்க அழகாகத்தான் இருந்தது!

அடுத்தது செக்‌ஷன். புதிதாக வருபவர்கள் பிளானையே வரைந்துகொண்டு இதைத் தள்ளிப்போடுவார்கள்; என் கணக்கில் பிளானைவிட இதுதான் முக்கியம். வீட்டை நீளவாக்கில் கத்தியால் வகுந்து பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் அளக்க, கடிதமும் சாப்பாட்டுப் பொட்டலமும் ஏற்ற பால்கனியிலிருந்து கிளிப் கட்டித் தொங்கவிட்டிருப்போமே, அந்தக் கயிறு போதும். ஒவ்வொரு மாடித் தரைக்கும் நேராக ஒரு முடிச்சுப் போட்டு, மேலே இழுத்து டேப்பில் வைத்துப் பாருங்கள்.

செக்‌ஷனில் படிக்கட்டு வந்ததும் ஒரு சங்கதி பிடிபடும். ஒரு மாடி 10 அடி என்று வையுங்கள், 120 அங்குலம். படி ஒன்று 7 அங்குல உயரம் என்றால் சுமார் 17 ஏற்றம், நடுவில் கால் வைக்கும் மிதிபடி 16. மிதிபடி முன்பின்னாக 10 அங்குலம் என்றால் மொத்தம் 160 அங்குலம், அதாவது 13 அடி 4 அங்குலம். ஐம்பதடி வீட்டில் கால்பங்குக்கு மேல் படிக்கே போய்விடுகிறது. பழைய கட்டடங்களில் தெருவிலிருந்து ஏணி மாதிரிச் செங்குத்தாக ஏறும் படிகளை நாம் வைவோம். இடத்தை மிச்சம்பிடிக்கப் பார்த்தால் படி அப்படித்தான் நிமிரும். ஏறச் சுகமான படிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: இரண்டு ஏற்றமும் ஒரு மிதிபடியும் கூட்டினால் 24, 25 அங்குலம் வரவேண்டும். உங்கள் படிக்கு எவ்வளவு வருகிறது?

இனி வெளிச்சம். இரண்டு நீளச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியவை, திறப்பு இரு முனைகளில்தான். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே பயன்படும். மேல்விளிம்பு 7 அடி என்றால் 14லிருந்து 17½ அடி. தெரு முனையிலிருந்தும் பின்சந்து முனையிலிருந்தும் சேர்த்தால்கூட நடுவில் பதினைந்து இருபது அடி இருட்டு. குறுகின பின்சந்து என்றால் இன்னும் மோசம். உங்கள் வீட்டில் சாமி மாடம் அங்கேதான் இருக்கும், பகலிலும் பல்பு எரியும். உயரமான கூரையும் உயரமான ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களில் இந்த இருட்டு ஏன் குறைவு என்பது இப்போது விளங்குமே.

வெயிலையும் பாருங்கள். யாங்கோன் நடுவில் இலக்கமிட்ட தெருக்கள் வடக்குத் தெற்காக ஓடுவதால் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கின்றன. ஜன்னலுக்கு மேல் நீட்டுகிற சன்ஷேட் உச்சி வெயிலுக்குச் சரி. சாய்ந்து வரும் நாலு மணி வெயில் அதன் அடியில் நுழைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மரச்சட்டம் அடுக்கிய ஜன்னல் கதவுகள். காற்றையும் விடும், கண்ணை மறைக்கவும் மறைக்கும்.

கம்ப்யூட்டர் படங்களைப் பார்த்து மிரளவேண்டாம். கரண்ட் போனால் அவர்களும் பென்சிலுக்குத்தான் வரவேண்டும்! அடுத்த பருவத்தில் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் பழகிக்கொள்ளுங்கள். அளவு கைக்கு வந்தபின் அது சில வாரத்தில் படிந்துவிடும்.

வரைந்து முடித்ததும் அந்த இருட்டு நடுப்பகுதியை மட்டும் மாற்றி மூன்று விதமாகப் போடுங்கள். ஒன்றில் தடுப்புச் சுவரைக் கூரைவரை எழுப்பாமல் 7 அடியோடு விடுங்கள். இன்னொன்றில் குளியலறையையும் சாமான் அறையையும் நடுவுக்குத் தள்ளிப் படுக்கையை ஜன்னல் பக்கம் கொண்டுவாருங்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எப்படிப் போகும் என்று அங்கே இடிக்கும், இடிக்கட்டும். மூன்றாவது உங்கள் யோசனை. மூன்றையும் அட்டையில் வெட்டி ஒட்டி, வெயில் விழும் திறந்த இடத்தில், உங்கள் வீடு பார்க்கும் திசையிலேயே வைத்து, காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் உள்ளே எட்டிப் பாருங்கள்.