11ஆவது பாட்டு மட்டுமா?

கேள்வி: 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடும் மாயா அருள்பிரகாசத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று கொண்டாடுகிறோம். ஆனால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைத் தவிர, 2007இல் வந்த அவருடைய 'கலா' தொகுப்பில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: அந்தத் தொகுப்பில் 12 பாடல்கள் உள்ளன, நீங்கள் குறிப்பிடுவது 11ஆவது. அதற்கு முன்னுள்ள பத்தையும் நீங்கள் கேட்கவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. கேட்டிருந்தால் முதற்பாட்டான 'பாம்பூ பங்கா'விலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்: 'தளபதி' படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு அதற்குள் ஓடுகிறது.

அடுத்து வரும் 'பேர்ட் புளூ'வுக்காகவே இந்த இறுவட்டை வாங்கலாம் என்பேன். அமெரிக்காவில் ஒலிப்பதிவு செய்ய எண்ணியிருந்த மாயாவுக்கு விசா கிடைப்பதில் தடை ஏற்பட்டதால், அவர் இந்தியா, டிரினிடாட், அவுஸ்திரேலியா என்று அலைந்து பாடல்களைச் சேர்த்தார். 'பேர்ட் புளூ'வுக்காகச் சென்னையில் உறுமி மேளக் கலைஞர்களை அழைத்து வாசிக்கச் செய்தார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல், தவிலுக்கும் பறைக்கும் பழகிய நம் காதுகளுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஆயினும் ஆங்கிலப் பாட்டொன்றின் பின்னணியில் ஒதுங்கி நில்லாமல், பாட்டையே அது இழுத்துச் செல்வதைக் கேட்பது வேறோர் அனுபவம். ஆறாவது பாட்டில் அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் குரல் கொடுக்கிறார்கள். பழைய ஹிந்திப் படப்பாட்டைத் திரும்பப் பாடிய 'ஜிம்மி' மட்டும் என்னைக் கவரவில்லை.

'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடியேறி வந்தவனைக் கள்ளனாகவே பார்க்கும் கண்ணை நோக்கி, அதே விசாத் தொல்லையின் நடுவிலிருந்து எழுந்த பாட்டு அது. ஆனால் 2008இல் ஒரு ஹொலிவூட் படத்தின் முன்னோட்டத்திலும், பின்னர் 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் ஒலித்து, அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம்வரை ஏறியபின், விமர்சகர்கள் அன்றே போற்றிய தொகுப்பு முழுவதும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோயிற்று. அந்நியர் அப்படிக் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். உறுமியையும் இளையராஜாவையும் யாரும் சொல்லாமலே இனங்காணக்கூடிய நாமும் அப்படியே கேட்பதுதான் எனக்கு வருத்தம்.

தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதை முதல் தொகுப்புக்கு வைத்த மாயா, இதற்கு வைத்தது தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரை. அந்தத் தாயின் பெயர் தாங்கிய தொகுப்பை, ஒரு தடவையாவது முதற்பாட்டிலிருந்து வரிசை குலையாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன்.