பிரசவத்தின்போது நடந்த கவனக்குறைவால் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டால் மருத்துவமனை மீது வழக்குத் தொடரலாமா?

குழந்தைக்கு எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை என்கிறீர்கள். "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் தேறும்" என்று வீட்டில் பெரியவர்கள் தேற்றிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதை நம்பி ஒன்றரை வருடத்தைத் தொலைத்தோம். தம்பி, வழக்கைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கேஸ் ஷீட்டின், அதாவது பிரசவத்தின்போது மருத்துவமனை எழுதி வைத்த சிகிச்சைக் குறிப்புகளின், நகலை வாங்குங்கள்.

என் மகன் 2014இல் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தான். வலி வருவதற்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதிகாலை மூன்று மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். "முதல் பிரசவம், அப்படித்தான் இருக்கும்மா" என்றார் நர்ஸ். நாலரை மணிக்கு இதயத் துடிப்புக் கருவியை என் வயிற்றில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்தித் தேடினார். அதுவரை தடதடவென்று கேட்ட சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. கருவியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். டாக்டர் வந்தது ஆறு மணிக்கு. பிள்ளை அழவில்லை. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை உண்டு. எங்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியதே மறுநாள்தான்.

பதினெட்டாம் மாதம் நகல் கிடைத்தது. அரை மணிக்கு ஒருமுறை துடிப்பு: 140, 140, 140. நாலரை மணிக்கும் 140. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து. மூன்று மருத்துவர்களிடம் காட்டினோம். மூவரும் தவறு என்றார்கள். எழுதித் தர ஒருவரும் முன்வரவில்லை. அலைந்து முடிப்பதற்குள் புகார் தருவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு போய்விட்டது.

டாக்டர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தங்கையையும் அவள் குழந்தையையும் காப்பாற்றியவரும் ஒரு டாக்டர்தான். மூளை வாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராமல் போவது) எல்லாமே பிரசவத் தவறால் வருவதில்லை; குறைமாதத்தாலும், முற்றிய மஞ்சள் காமாலையாலும் வரும். அதனால்தான் காகிதம் முக்கியம் என்கிறேன்.

கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். போலீஸ் வழக்கு கடினம்: உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு மிக மோசமான அலட்சியம் என்று காட்டியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமை மாடியில் வைத்திருந்தார்கள், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். நடக்க முடியாத பிள்ளைகளுக்கான முகாம்! இருபத்தைந்து கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் இரண்டு முறை ஏறி இறங்கினார், ஒரு புகைப்படம் குறைந்தது என்பதற்காக.

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. மூன்று ஆண்டுகள் வரைதான் வைத்திருக்க வேண்டிய கட்டாயம். நாளைக் காலையே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தேதி போட்டு, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.